நாரிப்பிடிப்பு, தோள் நோவு: ஆஸ்டியோபாத்திடம் கேளுங்கள்

லண்டனில் நம்மவர்கள் அதிகம் வந்துபோகும் ஒரு கிளினிக்கில் ஆஸ்டியோபாத்தாக, அதாவது கையால் அழுத்தியும் மூட்டை அசைத்தும் வைத்தியம் செய்பவனாக, வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

ஹாரோவிலிருந்து: அண்ணா, ஆஸ்டியோபாத் என்றால் டாக்டரா? அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஓம் என்கிறார், இங்கே எங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) இல்லை என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874இல் தொடங்கிய முறை இது. 1892இல் மிசூரி மாநிலத்துக் கர்க்ஸ்வில்லில் கல்லூரியும் வைத்தார். அங்கே அது வளர்ந்து முழு மருத்துவப் படிப்பாகிவிட்டது. மருந்து எழுதுவார்கள், ஆபரேஷன் செய்வார்கள். ஸ்டிலிடம் படித்த லிட்டில்ஜான் என்பவர் 1917இல் லண்டனில் ஒரு பள்ளி தொடங்கினார். பிரிட்டனில் அது கைவைத்தியமாகவே நின்றது, அதனால் நான் மருந்துச்சீட்டு எழுத முடியாது. ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு இல்லாதவர் ஆஸ்டியோபாத் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. காசு கட்டுமுன் அவர்களுடைய இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: வேர்ஹவுஸ் வேலை. பெட்டி தூக்கும்போது நாரி (கீழ்முதுகு) பிடித்து மூன்று கிழமை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரட்டா?

வேண்டாம் தம்பி. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும், அதுவும் நாற்பது தாண்டினால் கேட்கவே வேண்டாம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் குனியவே பயப்படுகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்தாயிற்று.

முதல் நாள் பாதி நேரம் கேள்விதான் கேட்பேன்: இரவில் வலி எழுப்புகிறதா, காலில் இறங்குகிறதா, உடம்பு மெலிகிறதா. அப்புறம் குனிய, திரும்பச் சொல்வேன். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பேன். பாதி தூக்கும்முன்னே முழங்காலுக்குக் கீழ்வரை சுரீரென்று இழுத்தால் நரம்பு உரசுகிறது என்று சந்தேகப்படுவேன். தொடையின் பின்புறம் மட்டும் இறுகினால் அது தசை. அதற்குப் பிறகுதான் அழுத்துவது, மூட்டை மெல்ல அசைப்பது எல்லாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சிகிச்சைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பின் 2016 வழிகாட்டுதல், நாரி நோவுக்குக் கைவைத்தியத்தைத் தேகப்பயிற்சியோடு சேர்த்துத்தான் பரிசீலிக்கச் சொல்கிறது. நான் செய்வது இறுக்கத்தைக் கொஞ்சம் இளக்கும். அந்த இடைவெளியில் நீங்கள் நடக்க வேண்டும், சொல்லித்தரும் பயிற்சியைச் செய்ய வேண்டும். படுத்தே கிடந்தால் என்னிடம் வந்தும் பிரயோசனமில்லை.

டூட்டிங்கிலிருந்து: உடுப்புக் கழற்ற வேண்டுமா? கூச்சமாக இருக்கிறது.

முதுகு தெரிந்தால் போதும். தளர்வான உடுப்போடு வாருங்கள் தங்கச்சி, கூட அம்மாவையோ கணவரையோ அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். எது பிடிக்காவிட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லலாம்.

வெம்ப்ளியிலிருந்து: ‘டக்’கென்று சத்தம் வந்தால் விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான், மூட்டுத் திரவத்தில் வாயு செய்கிற வேலை. சத்தம் வராமலும் வலி குறையும்.

குரோய்டனிலிருந்து: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை வியாதி. நாலு மாதமாக வலது கையைத் தூக்க முடியவில்லை, பின்னல் போடவே நான்தான் வேண்டும்.

தோள்மூட்டு இறுகிப்போகும் உறைதோளாக இருக்கலாம், சர்க்கரைக்காரருக்கு இது அதிகம் வரும். நான் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். நான் தூக்கினாலும் ஏறாவிட்டால், கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியாவிட்டால், சந்தேகம் வலுக்கும். முழுதாக இளக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூடப் பிடிக்கலாம். ஒரே நாளில் இழுத்துச் சரிசெய்கிறேன் என்று எவராவது சொன்னால் அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வலி கடுமையாக இருக்கும் இந்தக் கட்டத்தில் ஸ்டீராய்டு ஊசி பற்றி ஜிபியிடம் கேளுங்கள். போட்ட பிறகு சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும். என்னால் கழுத்தையும் முதுகையும் இளக்கித் தூங்க வைக்க முடியும், அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: நாரி வலியோடு இரண்டு நாளாகத் தொடைகளுக்கு நடுவே மரத்துப்போயிருக்கிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. எப்போது அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்?

என்னிடம் வராதீர்கள். இதை வாசித்த கையோடு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும்.

இல்ஃபோர்டிலிருந்து: எத்தனை தடவை வர வேண்டும்? என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) காசு கொடுக்குமா?

பெரும்பாலும் உங்கள் கைக்காசுதான். வேலை இடத்துக் காப்புறுதி இருந்தால் கேட்டுப் பாருங்கள். மூன்று நாலு தடவைக்குள் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நானே ஜிபிக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிடுவேன். பத்துத் தடவைக்கு முன்பணம் கேட்கிற இடத்தில் கட்டாதீர்கள், தள்ளுபடி தந்தாலும்.