நவம்பர் 11 அன்னைக்கு மேரி (பிரான்ஸ்ல நகராட்சி அலுவலகம்) வாசல்ல போய் நிக்கலாமா?

தம்பி கேட்டிருக்கிறது இதுதான்: திருநள்ளாறுலேர்ந்து பாரிஸ் புறநகருக்கு வந்து மூணு மாசம் ஆகுது. மதியச் சாப்பாட்டு மேசையில உக்ரைன் போர் எப்படி முடியும்னே பேச்சு. யார் பக்கம் பேசுறதுன்னு தெரியாம வாயை மூடிக்கிட்டு இருக்கார். இதுக்கு நடுவுல, 1918-ல முதல் உலகப் போர் நின்ன நாளான நவம்பர் 11-க்கு, போர்ல செத்தவங்க நினைவுத்தூண் நிகழ்ச்சிக்கு எல்லாரும் வாங்கன்னு மேரியிலேர்ந்து தபால் பெட்டியில தாள் போட்டிருக்காங்க. போகலாமா?

போங்க தம்பி. நான் பிரான்ஸுக்குப் போய் முப்பத்தோரு வருஷம் ஆச்சு. முதல் ஒன்பது வருஷம் அன்னைக்கு லீவுன்னு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினேன். (இப்ப ஊருக்கு வந்து நிரவியில உக்காந்திருக்கேன். ஐப்பசி மழை விடமாட்டேங்குது, அதனால பதில் கொஞ்சம் நீளும்.)

அந்தச் சாப்பாட்டு மேசையில பேசுறவங்க உக்ரைனை மட்டும் பேசல. அவங்க பாட்டன் பூட்டன் பேசின பேச்சும் அதுல கலந்திருக்கு. 1871-ல போர்ல தோத்து, எல்லையில இருந்த அல்சாஸையும் லொரேன்ல ஒரு பகுதியையும் ஜெர்மனிகிட்ட விட்டாங்க. பாரிஸ்ல கொன்கோர்த் சதுக்கத்துக்குப் போனீங்கன்னா எட்டு ஊருக்கு எட்டுச் சிலை இருக்கும். அதுல அல்சாஸ்ல இருக்கிற ஸ்த்ராஸ்பூர் ஊரோட சிலைக்கு 1918 வரைக்கும் கருப்புத் துணி போத்தி, மாலை வச்சு, எழவு வீடு மாதிரி வச்சிருந்தாங்க. நாற்பத்தேழு வருஷம். அந்தக் காலத்துப் பிள்ளைகிட்ட சமாதானம்னா என்னன்னு கேட்டா, போனது திரும்பி வர்றதுன்னுதான் சொல்லியிருக்கும்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்ல. முதல் உலகப் போர் ஆரம்பிச்சு ஒரு மாசந்தான், 1914 செப்டம்பர் 9-ந் தேதி ஜெர்மன் பிரதமர் அலுவலகத்துல, ஜெயிச்ச பிறகு என்னென்ன வேணும்னு குறிப்பு எழுதி வச்சாங்க. பெல்ஜியம் நமக்கு அடங்கி இருக்கணும், பிரான்ஸோட இரும்புத்தாது நிலம் வேணும், நஷ்டஈடு வேணும், நடு ஐரோப்பா முழுக்க நம்ம தலைமையில சுங்கக் கூட்டு. அதே 9-ந் தேதிதான் மார்ன் ஆத்தங்கரையில அவங்க படை பின்வாங்க ஆரம்பிச்சது. இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா அது நீடிக்கல.

ஜெயிச்சவங்க 1919-ல வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துல ஜெர்மனிகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. 1871-ல ஜெர்மன் பேரரசை அறிவிச்சதும் அதே மண்டபத்துலதான். 1921-ல நீட்டின நஷ்டஈட்டு பில் 13,200 கோடி தங்க மார்க். 1940-ல ஹிட்லர் அதுக்கு வட்டி போட்டான்: 1918 போர்நிறுத்தம் கையெழுத்தான அதே ரயில் பெட்டியை, அதே காட்டுல பழைய இடத்துலயே நிறுத்தி பிரெஞ்சுக்காரன்கிட்ட கையெழுத்து வாங்கினான். என்னைக் கேட்டா, போர்க்காலத்துல நாடுகள் கனவு காணுற சமாதானம் பெரும்பாலும் இந்தமாதிரிப் பழைய கணக்குதான்.

இதுல நம்ம ஊரும் உண்டு தம்பி. அமெரிக்கச் சுதந்திரப் போரை ஒட்டி இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் 1783-ல வெர்சாய்ல போட்ட ஒப்பந்தத்துல, காரைக்காலைச் சுத்தியுள்ள நாலு மாகாணம் (அப்பல்லாம் மாகாணம்னா சில ஊர் சேர்ந்த கூட்டம்) பிரெஞ்சுக்காரனுக்குன்னு ஒரு வரி. அங்கே நாத்து நட்டுக்கிட்டு இருந்தவன் யாரையும் கேட்டிருக்க மாட்டாங்க. கடைமடைக்காரனுக்கு இது புதுசா? காவிரித் தீர்ப்புல காரைக்காலுக்கு 7 டி.எம்.சி.ன்னு எழுதியிருக்கு. அரசலாத்துல வந்து சேர்ந்தாத்தான் அது தண்ணி.

ஆனா ஒண்ணு, எல்லாக் கனவும் இப்படி இல்ல. உங்களுக்குப் பச்சை கலர்ல கார்த் வித்தால்னு மருத்துவக் காப்பீட்டு அட்டை வரும் பாருங்க (நாளாகும், பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பை அங்கீகாரம் பெற்றவங்ககிட்டயே பண்ணுங்க, தற்காலிகத் தாளைத் தொலைக்காதீங்க). அதுக்குப் பின்னால இருக்கிற சமூகப் பாதுகாப்பு, 1944 மார்ச் 15-ல, நாட்டைப் பிடிச்சிருந்த ஜெர்மன்காரனை எதிர்த்த இயக்கத்துக்காரங்க ஒளிஞ்சு மறைஞ்சு ஏத்துக்கிட்ட திட்டத்துல இருந்தது. பாரிஸ்ல அப்ப ஜெர்மன்காரன் ரோந்து போய்க்கிட்டு இருந்தான். அடுத்த வேளை உயிரோட இருப்போமான்னு தெரியாதவங்க, வேலை போனவனுக்கும் வயசானவனுக்கும் யார் சோறு போடுறதுன்னு யோசிச்சிருக்காங்க. 1945 அக்டோபர்ல அது ஆணையா வந்துச்சு. போன வருஷம் என் முழங்கால் ஆபரேஷனுக்கு அந்த அட்டையைத்தான் நீட்டினேன்.

பாரிஸ்ல தமிழ்க் கடைங்க இருக்கிற லா ஷபெல்ல மளிகை வாங்கப் போவீங்க, கடைக்காரங்க அநேகமா யாழ்ப்பாணத்துக்காரங்களா இருப்பாங்க. 2002-ல போர்நிறுத்தம் வந்து, ஏப்ரல்ல ஏ9 பாதை திறந்தப்போ, எனக்குப் பழக்கமான கடைக்கார அண்ணன் ஒருத்தர் ஊருக்குப் போயிட்டு வந்தார். அவங்க வீடு இருந்த இடம் ராணுவத்தோட உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள மாட்டியிருந்தது. இருந்தாலும் கல்லாவுக்குப் பின்னால கேலண்டர் தாளைத் திருப்பி வச்சு வீடு வரைவார். "வாசல் கிழக்க, கிணறு இஞ்சால வரும் தம்பி" என்பார். போற வாரமெல்லாம் கிணறு மட்டும் இடம் மாறியிருக்கும். 2009 மே மாசத்துக்கு அப்புறம் அந்தத் தாளை நான் பாக்கல. கேக்கவும் இல்ல. நீங்களும் அவங்ககிட்ட "எப்ப ஊருக்குத் திரும்பப் போறீங்க"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.

ஆபீஸ் மேசையிலயும் அப்படித்தான். ஆறு மாசம் காதைக் கொடுங்க. உங்க கருத்தைக் கேட்டா, "உங்க குடும்பத்துல யாரு போருக்குப் போனாங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. பேச்சு தானா அரசியலை விட்டு இறங்கிடும்.

பத்தாவது வருஷம் நான் நினைவுத்தூணுக்குப் போனது மகளுக்காக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அங்கே பாடினாங்க. தூண்ல ஒரே குடும்பப் பேர் மூணு தடவை வந்தது. ஒவ்வொரு பேர் வாசிச்சதும் 'பிரான்சுக்காக உயிர் நீத்தார்'னு சொன்னாங்க. மகள் காதுல வந்து கேட்டா, நம்ம தாத்தாவும் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) தானே, சைகோனுக்கெல்லாம் போனாரே, அவர் பேர் எங்கேன்னு. தாத்தா உயிரோட திரும்பி வந்துட்டாரும்மா, அதான் இல்லைன்னேன்.

பதினோரு மணிக்கு ஒரு நிமிஷ மௌனம். பத்தே முக்காலுக்கே போயிடுங்க, ஷூ நனையாததா இருக்கட்டும். முடிஞ்சதும் மேரி கூடத்துல ஒயின் கொடுப்பாங்க. வேணாம்னா ஆரஞ்சு ஜூஸும் இருக்கும், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.