பலகையில் உள்ள தொகையை விடுங்கள், அளவுப் புத்தகத்தைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் வாலிபால் களம் அமைத்ததாகப் பலகை வைத்திருக்கிறார்கள். மதிப்பீடு ரூ.4.80 லட்சம் என்று எழுதியிருக்கிறது. களத்தில் இருப்பதோ இரண்டு கம்பமும் கொஞ்சம் செம்மண்ணும்தான். ஒரு மழை பெய்தால் மூன்று நாள் விளையாட முடியாது. ஊராட்சிச் செயலர் ஒன்றிய அலுவலகத்தைக் கை காட்டுகிறார், அவர்கள் பொறியாளரைக் கை காட்டுகிறார்கள். "ஏன் தரமாக அமைக்கவில்லை, மீதிப் பணம் எங்கே?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். "கோரியது தகவல் ஆகாது" என்று பதில் வந்திருக்கிறது. இனி என்ன வழி?

பதில்: அந்தப் பதில் உங்களுக்கு எரிச்சல் மூட்டியிருக்கும். ஆனால் சட்டப்படி அதில் தவறு இல்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே ஆவணமாக இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியும். இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தர அலுவலருக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் சொல்லிவிட்டது. "ஏன்" என்று தொடங்கும் மனு பெரும்பாலும் இப்படித்தான் திரும்பி வரும். அதே கோபத்தை ஆவணத்தின் பெயராக மாற்றி எழுதுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பலகையில் இருப்பது மதிப்பீட்டுத் தொகை. ஒப்பந்ததாரருக்கு அவ்வளவும் கொடுக்கப்பட்டதா, பாதி நிறுத்தி வைக்கப்பட்டதா என்பது அதில் தெரியாது. ஆவணம் கைக்கு வரும்வரை யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள். நாளை நீங்கள் சரி என்று தெரியவந்தாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உங்களை மடக்கிவிடுவார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய மதிப்பீடு, பணி ஆணை, பட்டியல் (பில்) தொகை வழங்கிய விவரம், எல்லாவற்றுக்கும் மேலாக அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்கான பக்கங்கள். எம் புக் என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். மண் எத்தனை மீட்டர் நீளம், அகலம், எத்தனை சென்டிமீட்டர் கனம் போடப்பட்டது என்பதைப் பணி மேற்பார்வையாளரும் பொறியாளரும் அளந்து கையெழுத்திடும் புத்தகம் அது. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் பணம் போகிறது.

இதன் பலத்தை ஒரு கணக்கில் பாருங்கள். வாலிபால் களம் 18-க்கு 9 மீட்டர். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15, அதாவது 360 சதுர மீட்டர். அளவுப் புத்தகத்தில் 10 சென்டிமீட்டர் கனத்துக்குச் செம்மண் என்று இருந்தால் 36 கன மீட்டர் வரும். கன அடியில் சுமார் 1,270. நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், ஆக ஏறக்குறைய பதின்மூன்று யூனிட் மண். உருளை போட்டு இறுக்கியிருந்தால் வந்த மண் இன்னும் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். அன்று எத்தனை டிராக்டர் வந்தது என்பது களத்துக்கு எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தெரியாமலா இருக்கும்? மேலளவை நீங்களே நாடா பிடித்துப் பார்க்கலாம். கனத்தைப் பார்க்க நீங்களாகக் கடப்பாரை போடாதீர்கள், களத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு வரும். பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) உங்களுக்கு உரிமை தருகிறது. பலருக்கும் இது தெரிவதில்லை. மனுவிலேயே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முகவரி, "பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்". ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டாலும் சொல்லாதீர்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தாமதமாகத் தந்தால் நகலுக்குப் பணம் வாங்கக் கூடாது. மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். உரிய காரணமின்றித் தகவலை மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து போகாது, அலுவலரின் சொந்தப் பணம். ஆனால் ஆணையத்தில் விசாரணை வரத் தாமதமாகும், அதனால் முதல் மனுவைப் பிழையில்லாமல் எழுதுவதுதான் உங்களுக்கு லாபம்.

ராஜஸ்தானில் ஏழைக் கூலித் தொழிலாளர்கள் 1990-களில் கேட்டதும் இதே பட்டியல்களையும் வருகைப் பதிவேடுகளையும்தான். ஊர் நடுவே அவற்றை வாசித்துக் காட்டியபோது, வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது வெளிவந்தது. 2005-இல் வந்த சட்டத்துக்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது. உங்கள் களத்தில் நூறு நாள் வேலை ஆட்கள் மண் வெட்டியிருந்தால், அந்த வருகைப் பதிவேட்டை மனு போடாமலே அத்திட்டத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

நகல் கைக்கு வந்ததும் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது முதலில் வருகிறதோ அதற்கு, நீங்கள் எல்லோரும் சேர்ந்தே போங்கள். அளவுப் புத்தகத்தின் அளவையும் நீங்கள் அளந்த அளவையும் அடுத்தடுத்து வாசியுங்கள், வேறு பேச்சே வேண்டாம். களத்தை மறு அளவீடு செய்யக் கோரும் தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வித்தியாசம் பெரிதாக இருந்து யாரும் அசையவில்லை என்றால், மாவட்ட ஆட்சியருக்கும் உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கும் அந்தத் தீர்மானத்தின் நகலையும் அளவுப் புத்தகப் பக்கத்தையும் இணைத்துப் புகார் அனுப்பலாம்.