ஆம்புலன்ஸ் கேட்டால் ஏன் அத்தனை கேள்விகள்?

கேள்வி: கொரோனா இரண்டாம் அலையின்போது ஆம்புலன்ஸ் கேட்டு அழைத்தவர்களுக்கு உடனே வண்டி அனுப்பாமல் ஏன் அத்தனை கேள்விகள் கேட்டார்கள்? யாருக்கு முதலில் வண்டி என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்?

இதைக் கேட்டவர், அந்த மே மாதத்தில் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் தெருவாசலுக்குமாக நடந்தவராகத்தான் இருக்க வேண்டும். நான் மறுமுனையில் இருந்தவன். செவிலியர் படிப்பு முடித்துவிட்டு, 2021இல் சென்னையில் ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை செய்தேன். மையத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என்னோடு வேலை செய்தவர்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமன்று.

முதலில், கேள்விகளால் வண்டி தாமதமாகவில்லை. முகவரியையும் அடையாளத்துக்கு அருகிலுள்ள கோயிலையோ பள்ளியையோ நான் தட்டச்சு செய்த உடனே, அது வண்டி ஒதுக்குபவரின் திரைக்குப் போய்விடும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வண்டியைத் தேடிக்கொண்டிருப்பார். தேடினால் கிடைக்க வேண்டுமே என்பதுதான் சிக்கல். மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரே பகுதியில் ஏழெட்டுப் பேர் காத்திருக்க, ஒரு வண்டி காலியாகும். அது யாருக்கு என்பதற்காகத்தான் அந்தக் கேள்விகள்.

நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று கேட்போம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க இயலாவிட்டாலோ முதல் வரிசை. 90 முதல் 93 வரை இரண்டாம் வரிசை. 94 அல்லது அதற்கு மேல் இருந்து வேறு தொந்தரவும் இல்லாதவர்கள் மூன்றாம் வரிசை; அவர்களுக்கு மருத்துவர் தொலைபேசியில் ஆலோசனை சொல்வார். மருத்துவமனையில் படுக்கை தேடுவோரை 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்வோம். அதற்கான கட்டளை மையம் தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் இயங்கியது. வயதையும் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றையும் கேட்போம் என்றாலும், வயதை வைத்து யாரையும் பின்னுக்குத் தள்ளியதில்லை. அப்படித் தள்ளினார்கள் என்று எழுதுபவர்கள் அந்த அறையில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் எண்ணை நம்பி நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிற்பகலில் பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். "தொண்ணூத்தெட்டு காட்டுது சார், ஆனா அப்பா ஒரு மாதிரி இருக்காரு" என்றார். 98 என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனம் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டது. மருத்துவர் பேசுவார் என்று சொல்லி, மூன்றாம் வரிசையில் பதிந்தேன். 'ஒரு மாதிரி' என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மருத்துவரின் ஆலோசனைக்காகவும் அன்று பலர் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மருத்துவர் அவர்களை அழைப்பதற்கு முன்பே, அதே எண்ணிலிருந்து மகள் பேசினார். "இதுல ரெண்டு நம்பர் வருதுங்க. 81னு ஒண்ணு, 112னு ஒண்ணு. எது பார்க்கணும்?" விரலில் மாட்டும் அந்தக் கருவி ஆக்சிஜனோடு நாடித்துடிப்பையும் காட்டும். தம்பி படித்துச் சொன்ன 98 நாடித்துடிப்பு. கைபேசியை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, "ஐயா, உங்க வீட்டு விலாசம் சொல்லுங்க" என்றேன். கதவு எண்ணுக்கும் தெருப் பெயருக்கும் நடுவில் அவர் இரண்டு முறை மூச்சு வாங்கினார். முதல் வரிசைக்கு மாற்றினேன். வண்டி போய்ச்சேர மேலும் முப்பத்தைந்து நிமிடங்கள் ஆயின. அதுவரை அவரைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னதில் 81 என்பது 86 ஆனது. அன்றிலிருந்து எந்த எண்ணைச் சொன்னாலும், சதவீதக் குறி பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்காமல் நான் விட்டதில்லை; நோயாளியிடம் இரண்டு வார்த்தையாவது பேசாமல் அழைப்பை முடித்ததும் இல்லை. எரிச்சலூட்டிய கேள்விகள் என்று நீங்கள் சொல்பவற்றில் அவையும் இருந்திருக்கலாம்.

அவரை ஏற்றிய வண்டி பிறகு ஐந்து மணி நேரம் மருத்துவமனை வாசலில் நின்றது. உள்ளே படுக்கை இல்லை. இறக்கிவிட்டுத் திரும்பவும் முடியாது. 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை ஆக்சிஜன் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேரம்தான் வரும். மருத்துவ உதவியாளர் இரண்டு சிலிண்டர்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, முழுக் கவச உடைக்குள் வியர்வையில் ஊறியபடி எனக்கு அழைத்து, "அண்ணே, அடுத்த கேஸ் என் பேருக்குப் போடாதீங்க" என்றார். வண்டியே வார்டு ஆகிவிட்டால், அழைப்பு மையத்தில் நூறு பேரைக் கூடுதலாக உட்கார வைத்தாலும் உங்கள் தெருவுக்கு வண்டி வராது. மாநகராட்சி கார்களை ஆம்புலன்ஸாக மாற்றி, ஓரளவு நலமாக இருந்தவர்களைப் பரிசோதனை மையங்களுக்கு அழைத்துப் போனது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"தெருமுனையில் வண்டி சும்மா நிற்கிறது, எங்களுக்கு இல்லை என்கிறீர்கள்" என்று திட்டியவர்கள் பலர். அது முந்தைய நோயாளியை இறக்கிய பின் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி அடித்துக் காயவைத்துக்கொண்டிருந்த வண்டியாக இருக்கலாம், அல்லது பிரசவத்துக்கும் மாரடைப்புக்கும் என்று தொற்று நோயாளிகளை ஏற்றாமல் தனியே வைத்த வண்டியாக இருக்கலாம். பிள்ளைப்பேறு கொரோனா முடியட்டும் என்று காத்திருக்காது. இதைப் புரியவைப்பதற்குள் என் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார்கள்.

சிபாரிசு எடுபட்டதா என்று கீழே யாராவது கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய இடத்துப் பெயரைச் சொல்லி இரண்டு அழைப்புகள் எனக்கே வந்தன. அதே கேள்விகளைத்தான் கேட்டேன். ஒருவருக்கு 88, வண்டி போயிற்று. மற்றவருக்கு 96, போகவில்லை, அவருடைய மைத்துனர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுவாரம் அதற்காக மேலாளர் அறையில் நின்றுகொண்டே விளக்கம் கொடுத்தேன்.