சமோரோ மக்கள் வேறு, சமோரோ குடும்பம் வேறு: செய்தியில் வந்தால் எப்படிப் பிரித்தறிவது?

வாசகர் கேள்வி: இணைய இதழ் ஒன்றுக்காக உலகச் செய்திகளைத் தமிழாக்கம் செய்கிறேன். நிகரகுவாவின் முன்னாள் அதிபர் வியோலெட்டா சமோரோ பற்றிய கட்டுரையில், "இவர் பசிபிக் தீவுகளின் சமோரோ பழங்குடியைச் சேர்ந்தவர்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். குவாம் தீவைப் பற்றி முன்பு படித்தது நினைவில் இருந்ததால் அப்படி எழுதினேன். ஆசிரியர் சந்தேகப்பட்டுக் கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றா? இனி இந்தப் பெயர் வந்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: ஆசிரியர் நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று. இரண்டுக்கும் உறவே கிடையாது. ஒன்று, மேற்குப் பசிபிக்கில் மரியானா தீவுகளில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஒரு மக்களினத்தின் பெயர். மற்றது, மத்திய அமெரிக்காவில் நிகரகுவாவின் கிரனாதா நகரத்தில் வேரூன்றிய ஒரு செல்வாக்கான குடும்பத்தின் பெயர். வியோலெட்டா அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கூட இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "வியோலெட்டா பாரியோஸ் தே சமோரோ 1929இல் நிகரகுவாவின் ரிவாஸ் நகரில் பிறந்தவர். பத்திரிகையாளர் பெத்ரோ ஹொவாகின் சமோரோவை மணந்ததால் சமோரோ என்ற பெயர் அவருக்கு வந்தது." பாரியோஸ் என்பதுதான் பிறந்த வீட்டுப் பெயர்.

இதைச் சிறு பிழை என்று நான் நினைக்கவில்லை. நிகரகுவாவின் சமோரோக்கள் ஸ்பானியக் குடியேறிகளின் வழிவந்த நிலவுடைமை மேல்தட்டினர். அவர்களைப் பழங்குடி என்று எழுதினால் அந்த நாட்டின் சமூக வரலாறே தலைகீழாகிவிடும். அங்கே பழங்குடிகள் என்றால் மிஸ்கிட்டோ, மயாங்னா, ராமா போன்ற மக்கள்.

பெயர் எப்படி ஒன்றாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழியில் சமோரோ என்றால் தலைமுடி மழித்தவர். அது பட்டப்பெயராக இருந்து குடும்பப்பெயராகிவிட்டது. ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் நிகரகுவாக் குடும்பத்தோடு தொடர்பே இல்லாத சமோரோக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரியானா தீவுகளிலோ, மேல்குடியினரைக் குறிக்க 'சமோரி' என்ற உள்ளூர்ச் சொல் இருந்தது. அதைக் கேட்ட ஸ்பானியர்கள் தங்களுக்குப் பழகிய சொல்லின் உருவத்தில் எழுதி, மொத்த மக்களுக்கும் பெயராக்கிவிட்டார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இரண்டு இடங்களும் ஸ்பானியப் பேரரசின் கீழ் இருந்தவை என்பது மட்டும்தான் பொது.

சரி, முதலில் அந்த மக்களைப் பற்றி. குவாம், ரோட்டா, தினியன், சைப்பான் முதலிய தீவுகள் அடங்கிய மரியானா தீவுக்கூட்டம் அவர்களுடைய தாயகம். 'லாத்தே' எனப்படும் கல்தூண்களை அங்கே இன்றும் பார்க்கலாம். நிமிர்ந்த தூண், அதன்மேல் கிண்ணம் போன்ற தலைக்கல், அதற்கு மேலே வீடு. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே நெல் பயிரிட்ட பசிபிக் தீவினர் என்ற தனிச்சிறப்பும் இவர்களுக்கு உண்டு. 1521 மார்ச்சில் மெகல்லன் அங்கே கரையிறங்கினார். ஒரு சிறு படகு காணாமல் போனதற்காக ஊரைக் கொளுத்தி, ஏழு பேரைக் கொன்று, 'திருடர் தீவுகள்' என்று பெயரும் சூட்டிவிட்டுப் போனார். 1668இல் ஜெசுயிட் பாதிரியார் சான் வித்தோரெஸ் மதப்பணிக்கு வந்தபோது, ஸ்பெயின் அரசி மரியானாவின் நினைவாகத் தீவுகளுக்கு இன்றைய பெயர் வந்தது. 1672இல் அந்தப் பாதிரியார் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்த போர்கள், வெளியிலிருந்து வந்த நோய்கள், சிதறிக்கிடந்த மக்களைப் பிடித்துவந்து ஒரே இடத்தில் குடியமர்த்திய கொள்கை எல்லாம் சேர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் தொகையை நாலாயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. அதிலிருந்து மீண்டு இன்றும் தங்கள் மொழியோடு இருக்கிறார்கள். அந்த மொழியில் ஸ்பானியச் சொற்கள் ஏராளம். ஆனால் அதன் எலும்புக்கூடு, பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய மொழிகளைப் போலவே ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

1898இல் ஸ்பெயின் தோற்றபின் குவாம் அமெரிக்காவின் கைக்குப் போனது. வடக்கே இருந்த தீவுகளை 1899இல் ஜெர்மனி விலைக்கு வாங்கியது, முதல் உலகப் போரில் ஜப்பான் பிடித்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை அமெரிக்க நிர்வாகத்துக்கு வந்தன. ஒரே மக்கள், இரண்டு ஆட்சிப் பகுதிகள். குவாம் ஒன்று, வடக்கு மரியானா தீவுகள் மற்றொன்று. குவாம் மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை 1950இல்தான் கிடைத்தது. இன்றுவரை அவர்கள் தீவிலிருந்தபடி அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருக்கும் அவர்களுடைய ஒரே பிரதிநிதிக்கும் மசோதாக்கள் மீதான இறுதி வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. தீவின் நிலத்தில் கால்வாசிக்கு மேல் ராணுவத்திடம் இருக்கிறது. ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியலில் 1946 முதல் குவாம் இடம்பெற்றிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இங்கே இன்னொரு இடத்திலும் சறுக்கக்கூடும். 'குவாமியர்' என்றும் 'சமோரோ' என்றும் மாற்றி மாற்றி எழுதிவிடக் கூடாது. குவாமியர் என்றால் குவாமில் வசிப்பவர், அவ்வளவுதான். 2020 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 1,53,836. அதில் சமோரோக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரும் அதை நெருங்கும் அளவில் இருக்கிறார்கள். வடக்கு மரியானாவிலும் இதே கதைதான். அங்கே கரோலினியர்கள் என்ற மற்றொரு தீவு மக்களும் உரிமையுள்ள குடிகள். நிலத்தை நிரந்தரமாக வாங்கும் உரிமையை அந்தப் பகுதியின் அரசியல் சட்டம் வடக்கு மரியானா வம்சாவளியினருக்கு மட்டுமே தருகிறது. சமோரோ, கரோலினியர் என்ற இரு பிரிவினருமே அதில் அடங்குவர்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. குவாமின் அரசியல் எதிர்காலம் என்ன என்று கேட்கும் வாக்கெடுப்பில், 1950 சட்டத்தின் மூலம் குடியுரிமை பெற்ற பூர்வகுடியினரும் அவர்கள் சந்ததியினரும் மட்டுமே பங்கேற்கலாம் என்று உள்ளூர்ச் சட்டம் சொன்னது. குவாமில் வசிக்கும் ஒருவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். வம்சாவளியைக் காட்டி வாக்குரிமையை வரையறுப்பது இனத்தைக் காட்டி மறுப்பதற்குச் சமம் என்று 2019இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தச் செய்தியைத் தமிழில் தரும்போது 'குவாமியர்களுக்கு மட்டும் வாக்கு' என்று எழுதினால் வழக்கின் உயிரே போய்விடும். வழக்குப் போட்டவரும் குவாமில் வசிப்பவர்தானே! முடிவெடுக்க வேண்டியது குடியேற்ற ஆட்சிக்கு ஆளான மக்களா, தீவில் இன்று வாழும் எல்லோருமா என்பதுதான் அங்கே சண்டை. என் மனம் முதல் தரப்பின் பக்கம். மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டு சொற்களையும் தனித்தனியாக வைத்தால்தான் வாசகருக்கு வாதம் புரியும்.

அப்புறம் நிகரகுவாக் குடும்பம். முதன்முதலாக 'அதிபர்' என்ற பட்டத்தோடு 1854இல் நிகரகுவாவை ஆண்டவர் ஃப்ரூத்தோ சமோரோ. 1875 முதல் 1879 வரை பெத்ரோ ஹொவாகின் சமோரோ அல்ஃபாரோ. 1917இலும் 1926இலும் எமிலியானோ சமோரோ. இடையே 1921 முதல் 1923 வரை தியேகோ மனுவேல் சமோரோ. கன்சர்வேட்டிவ் கட்சியின் தூண்கள் இவர்கள். ஐந்தாவதாக, 1990 ஏப்ரல் முதல் 1997 ஜனவரி வரை ஆண்ட வியோலெட்டா.

இந்தக் குடும்பத்தில் உங்களுக்குத் தலைவலி தரப்போவது 'பெத்ரோ ஹொவாகின் சமோரோ' என்ற பெயர்தான். நான்கு வெவ்வேறு ஆட்களுக்கு இதே பெயர். மேலே சொன்ன 19ஆம் நூற்றாண்டு அதிபருக்கும் இதே பெயர். 'லா பிரென்சா' நாளிதழை நடத்திய தந்தைக்கும் இதே பெயர். நிகரகுவாவை ஆண்ட சொமோசா குடும்பத்தின் சர்வாதிகாரத்தை எதிர்த்து எழுதி 1978 ஜனவரி 10 அன்று தலைநகர் மனாகுவாவின் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்ட மகனுக்கும், அதாவது வியோலெட்டாவின் கணவருக்கும், இதே பெயர். 2021இல் கைதான பேரனுக்கும் இதே பெயர். கடைசியில் வரும் தாய்வழிப் பெயர்தான் இவர்களைப் பிரிக்கும். அதிபர் அல்ஃபாரோ, பத்திரிகை அதிபர் செலாயா, கொல்லப்பட்டவர் கர்தெனால், பேரன் பாரியோஸ். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். ஸ்பானிய வழக்கில் இயற்பெயருக்குப் பின் தந்தைவழிக் குடும்பப்பெயர், கடைசியில் தாய்வழிக் குடும்பப்பெயர். ஆகவே கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு 'கர்தெனால் கொல்லப்பட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். முதல் குறிப்பில் முழுப்பெயர், அடுத்தடுத்த குறிப்புகளில் இயற்பெயரோடு சமோரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1980களின் செய்திகளைத் தொட்டால் குழப்பம் இன்னும் கூடும். கணவரைப் பறிகொடுத்த வியோலெட்டா, சொமோசா வீழ்ந்த 1979இல் ஐவர் ஆட்சிக்குழுவில் இடம்பெற்று, 1980 ஏப்ரலில் விலகினார். அதன்பின் குடும்பமே இரண்டாகப் பிளந்தது. சொமோசாவை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்த புரட்சிக் கட்சியினரான சந்தினிஸ்தாக்களை எதிர்த்தது 'லா பிரென்சா'. அவர்களுடைய கட்சி ஏடான 'பர்ரிகாதா'வுக்கு ஆசிரியர் வியோலெட்டாவின் மகன் கார்லோஸ் பெர்னாந்தோ. புரட்சிக்கு ஆதரவான 'எல் நுவேவோ தியாரியோ'வை நடத்தியவர் கொல்லப்பட்டவரின் தம்பி ஹாவியேர். மூன்று நாளிதழ்களின் தலைமையிலும் ஒரு சமோரோ! அந்தக் காலத்துச் செய்தியில் 'ஆசிரியர் சமோரோ கூறினார்' என்று இருந்தால், எந்த ஏடு என்று பார்க்காமல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள். இவ்வளவு பிளவுபட்ட வீட்டில் பிள்ளைகளை ஒரே மேசையில் உட்காரவைத்த தாயைத்தான், போரில் களைத்த நாடு 1990இல் தேர்ந்தெடுத்தது. தேர்தலில் சந்தினிஸ்தாக்களின் தலைவர் தானியேல் ஒர்த்தேகாவைத் தோற்கடித்தார், அவர்கள் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய கோன்த்ராக்களுடனான போரை முடித்துவைத்தார். மத்திய அமெரிக்காவில் தேர்தல் மூலம் அதிபரான முதல் பெண் அவர். ஆனால் ஒர்த்தேகா 2007இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 2021இல் அதிபர் தேர்தலுக்கு நிற்க முனைந்த வியோலெட்டாவின் மகள் கிறிஸ்தியானா கைதானார். 2023 பிப்ரவரியில் கிறிஸ்தியானா உட்பட 222 கைதிகள் நாடு கடத்தப்பட்டு, குடியுரிமையும் பறிக்கப்பட்டது. ஏற்கெனவே வெளிநாட்டிலிருந்த கார்லோஸ் பெர்னாந்தோவுக்கும் அதே மாதம் அதே கதி. வியோலெட்டா 2025 ஜூன் 14 அன்று கோஸ்தாரிகாவில் காலமானார். தான் ஆண்ட மண்ணில் அவருக்கு ஓர் அமைதியான மரணம்கூட வாய்க்கவில்லை.

இனி, பெயர் கண்ணில் பட்டால் என்ன செய்வது? அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மொழி, நிலம், உணவு, முன்னோர், வாக்குரிமை ஆகியவற்றோடு ஒட்டி வந்தால் மக்கள். ஓர் ஆளின் பெயருக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் குடும்பப்பெயர். குவாமின் சமோரோக்களிடையே வழக்கமான குடும்பப்பெயர்கள் குரூஸ், பெரெஸ், கமாச்சோ என்ற ஸ்பானியப் பெயர்களும், தைத்தானோ, நபூத்தி, மஃப்னாஸ் என்ற சொந்த மொழிப் பெயர்களும்தான். 'சமோரோ அரசியல் குடும்பம்' என்று குவாம் செய்தியில் வந்தால், எடுத்துக்காட்டாக கமாச்சோக்களைச் சொல்லலாம். தீவின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் கார்லோஸ் கமாச்சோ, 2003 முதல் 2011 வரை ஆளுநராக இருந்தவர் அவர் மகன் ஃபீலிக்ஸ்.

சில தொடர்கள் வேண்டுமென்றே நம்மை ஏமாற்ற வந்தவை போலவே இருக்கும். 'பிரையன்–சமோரோ ஒப்பந்தம்' என்பதைப் பாருங்கள். அமெரிக்கா, தீவுகள், கடற்படைத் தளம் மூன்றும் அதில் உண்டு. யாருக்கும் குவாம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது 1914இல் நிகரகுவாவுடன் போட்டது. கையெழுத்திட்டவர் எமிலியானோ சமோரோ. 30 லட்சம் டாலருக்கு, நாட்டின் குறுக்கே கால்வாய் வெட்டும் உரிமையும், கார்ன் தீவுகளின் 99 ஆண்டுக் குத்தகையும், ஃபொன்சேக்கா வளைகுடாவில் தளம் அமைக்கும் உரிமையும் அமெரிக்காவுக்குப் போயின. மாறாக, 'சமோரோ நில அறக்கட்டளை ஆணையம்' முழுக்க குவாம் விஷயம். 'சமோரோ அரசு' என்றால் 1990களின் மனாகுவா. 'முதல் பெண்' என்ற தொடரிலும் நிதானம் வேண்டும். 2019இல் பதவியேற்ற குவாமின் முதல் பெண் ஆளுநர் லூ லியோன் கெரேரோ, இனத்தால் சமோரோ. நிகரகுவாவின் முதல் பெண் அதிபர், திருமணப் பெயரால் சமோரோ. லியோன் கெரேரோ என்பது ஒரே குடும்பப்பெயர், அதை வெட்டி 'கெரேரோ' என்று சுருக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். குவாமில் இன்று அதிகாரபூர்வமாக 'சமோரு' என்ற உருவத்தைத்தான் ஆள்கிறார்கள். வடக்கு மரியானாவில் 'சமோரோ' தொடர்கிறது. குவாம் செய்தி என்றால் சமோரு மக்கள் என்றே எழுதி, முதல் குறிப்பில் மட்டும் 'சமோரோ என்றும் அழைக்கப்படும்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயருக்கு மதிப்புக் கொடுத்ததாகவும் இருக்கும், குடும்பத்தோடு குழப்பமும் தீரும். நிகரகுவாச் செய்தியில் சமோரோ என்று தனியாக விடாமல் இயற்பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். சமோரா என்று எழுதினால் அது வேறொரு ஸ்பானியக் குடும்பப்பெயராகிவிடும். உங்கள் இதழில் குறிச்சொற்கள் இடும் வசதி இருந்தால் 'சமோரோ' என்று ஒற்றைக் குறிச்சொல் வைக்காதீர்கள். 'சமோரு மக்கள்' என்று ஒன்று, 'சமோரோ குடும்பம், நிகரகுவா' என்று ஒன்று. பழைய கட்டுரைகளையும் ஒருமுறை தேடிப் பார்த்து இந்த இரண்டில் எதற்குரியதோ அதில் மாற்றிவிடுங்கள்.