கேள்வி பதில்: கொச்சியில் எழுதி ஆம்ஸ்டர்டாமில் அச்சான மூலிகைப் புத்தகம்

கேள்வி: தாவரவியல் மாதிரி அறிவியலெல்லாம் ஐரோப்பியர்கள் இங்கே கொண்டுவந்ததுதானே? ரிச்சர்டு குரோவ் என்ற வரலாற்றாசிரியர் இதை மறுக்கிறாராமே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மறுக்கிறார், அதற்கு அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான சாட்சி உங்கள் ஊருக்குப் பக்கத்து மாநிலமான கேரளத்திலேயே இருக்கிறது. 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக் கம்பெனிக்கு அங்கே 1670இலிருந்து தளபதியாக இருந்தவர் ஹென்ரிக் வான் ரீட். மிளகு வாங்க வந்த ஆள், மலபார்ச் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதி போட்டார்! 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. விஷயம் சொன்னவர்கள் யார் என்பதில்தான் குரோவுக்கு அக்கறை. கேரளத்தின் ஈழவர் சமூகத்தைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் தன் குடும்ப ஏட்டையும் கைமருந்து அனுபவத்தையும் வைத்துச் சொன்னார், மூன்று கொங்கணி பிராமணர்களும் உதவினார்கள், அச்சுதன் 1675இல் எழுதிக்கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே இருக்கிறது. ஈழவர்களின் செடி அறிவுதான் நூலுக்கு அடித்தளம், பிறகு செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வரை அது போய்ச் சேர்ந்தது என்பது குரோவின் வாதம்.

பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். லின்னேயஸ் 1753இல் தன் பெரிய நூலில் மலபார்ச் செடிகளுக்கு இதைத்தான் மேற்கோள் காட்டினார். ஆனால் செடிகளை வகைப்படுத்திய முறையே ஈழவர்களுடையது என்கிற அளவுக்கு குரோவ் போகும்போது கொஞ்சம் தயங்குகிறேன். மலையாளத்தில் சொன்னது போர்ச்சுகீசியத்துக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போய், அப்புறம் ஐரோப்பியப் பேராசிரியர்கள் குறிப்பு வேறு எழுதிச் சேர்த்திருக்கிறார்கள், இத்தனை கை மாறிய பிறகு எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

இன்னொன்று, இதை 'அறிவுப் பரிமாற்றம்' என்று இனிப்பாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. கோட்டை, பீரங்கி, மிளகு ஒப்பந்தம் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் யார் சொல்லமாட்டார்கள்? அச்சுதன் பெயராவது மிஞ்சியது. காட்டுக்குப் போய்ச் செடி பறித்து வந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

கேள்வி: அந்த நூலை இப்போது படிக்க முடியுமா? (வாசகி, தென்காசி)

பதில்: லத்தீன் தெரியாவிட்டாலும் முடியும். தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் பல வருடம் உழைத்து மொழிபெயர்த்ததைக் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது, ஆங்கிலத்தில் 2003இலும் மலையாளத்தில் 2008இலும். அச்சுதன் சொன்னது அவர் ஊர்க்காரர்கள் படிக்கிற மொழிக்குத் திரும்பி வர 330 வருடம் ஆகியிருக்கிறது, இதற்கும் யாராவது 'பரிமாற்றம்' என்பார்களா?