தூண்டில் கேள்வி–பதில்: எத்தனை கிலோ இருந்தால் ‘ட்ரோஃபி’ மீன்?

கேள்வி: மேட்டூர் அணையில் 9 கிலோ கட்லா தூண்டிலில் மாட்டியது. கூட வந்தவர்கள் எல்லோரும் ‘ட்ரோஃபி மீன்’ என்கிறார்கள். ஒருவர் மட்டும் ‘கட்லாவில் 9 கிலோ எல்லாம் ஒரு பேச்சா?’ என்று கிண்டல் செய்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், மேட்டூர்

பதில்: கிண்டல் செய்தவர் பக்கம்தான் நியாயம் கொஞ்சம் கூடுதல். ‘ட்ரோஃபி’ என்றால் பரிசுபோலக் காட்டிப் பெருமைப்படும் அளவுக்குப் பெரிய மீன். மீனின் எடையை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. அந்த இனம் அதிகபட்சம் எவ்வளவு வளரும், உங்கள் மீன் அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கட்லா நல்ல குளத்தில் ஓராண்டிலேயே ஒரு கிலோவைத் தொட்டுவிடும் இனம். பெரிய அணைகளில் 20 கிலோவைத் தாண்டியும் வளரும். அதே 9 கிலோவில் ஒரு விரால் கிடைத்திருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும்.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க மீன்வள ஆய்வாளர் கேபல்ஹவுஸ் 1984-ல் வகுத்தது. ஓர் இனத்தின் உலக சாதனை மீனின் நீளத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மீன்களை ஐந்து படிகளாகப் பிரித்தார். கடைசிப் படிக்குப் பெயரே ‘ட்ரோஃபி’. சாதனை நீளத்தில் 74 முதல் 80 சதவீதத்துக்குள் ஒரு புள்ளியை அந்தப் படியின் தொடக்கமாக வைப்பார்கள். பெருவாய் பாஸ் மீனுக்கு அது 63 செ.மீ., சேனல் கெளுத்திக்கு 91 செ.மீ., வடக்கத்திப் பைக் மீனுக்கு 112 செ.மீ. உள்ளங்கை அகலத்துக்குக் கிடைக்கும் புளூகில் மீனுக்கோ வெறும் 30 செ.மீ. போதும். அளவில் சின்ன மீன், தகுதியில் அந்தப் பைக் மீனுக்குச் சமம்.

நீளத்தில் முக்கால் பங்கு என்பது எடையில் முக்கால் பங்கு ஆகாது. உடம்பு நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சேர்ந்து வளர்வதால், 75 சதவீத நீளம் உள்ள மீனின் எடை சாதனை மீனின் எடையில் சுமார் 42 சதவீதம்தான். 80 சதவீத நீளம் என்றால் சுமார் 51 சதவீதம். ஆகவே எடையை வைத்துப் பேசுவதானால், பாதியை நெருங்கினாலே ட்ரோஃபி வாசலுக்கு வந்தாயிற்று.

உலக சாதனையைத் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் அணையின் மீன் இறங்குதளத்தில், இதுவரை எடை போட்டதிலேயே பெரிய கட்லா எது என்று கேளுங்கள். வலையில் வந்த மீனானாலும் பரவாயில்லை. பேச்சுக் கணக்கு வேண்டாம், தராசில் நின்றது மட்டும். அது 24 கிலோ என்று வந்தால் உங்கள் எல்லை 10 முதல் 12 கிலோ. 18 கிலோ என்று வந்தால் உங்கள் 9 கிலோ தாராளமாகத் தேறிவிடும், கிண்டல் செய்தவர் டீ வாங்கித் தர வேண்டியதுதான்.

கேள்வி: எடையை விட நீளத்தையே ஏன் பெரிதாகச் சொல்கிறார்கள்?
— வாசகி, வேலூர்

பதில்: எடை மாதத்துக்கு மாதம் மாறும். சினை நிறைந்த பெண் மீனும், முட்டை விட்டு ஒட்டிய வயிறோடு திரும்பும் அதே மீனும் நீளத்தில் ஒன்றுதான். தராசில் இரண்டும் வேறு. இரை விழுங்கிய வயிறும் எடைதான். நீளம் ஏறுமே தவிர இறங்காது.

கேள்வி: தராசு இல்லாமல் எடையைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம்பலாமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: பழைய சூத்திரம் அங்குலத்திலும் பவுண்டிலும் இருக்கிறது: நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 800-ஆல் வகுக்க வேண்டும். நம் டேப்புக்கு மாற்றினால், செ.மீ.யில் அளந்து அதே பெருக்கலைச் செய்து 28,900-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. சுற்றளவு உள்ள கெண்டை வகை மீன் என்றால் 90 × 50 × 50 = 2,25,000. வகுத்தால் ஏறக்குறைய 7.8 கிலோ.

தப்பு நடப்பது பெரும்பாலும் சுற்றளவில்தான். அது வர்க்கமாகப் பெருகுகிறது அல்லவா? நீளத்தை 2 செ.மீ. கூட்டி அளந்தால் 170 கிராம்தான் ஏறும். சுற்றளவை 2 செ.மீ. கூட்டினால் 600 கிராமுக்கு மேல் ஏறிவிடும். அதனால் சுற்றளவுக்குத் தையல் டேப் போன்ற துணி டேப்பைப் பயன்படுத்துங்கள். முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், உடம்பு மிகப் பருத்த இடத்தில், பக்கத் துடுப்புகளை உள்ளே சேர்த்து இறுக்காமல் ஒரு சுற்று. வயிற்றடியில் டேப் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். நீளத்தை மட்டும் வளையாத அளவுகோலில் எடுங்கள். மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவின் நடுப்புள்ளி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். டேப்பை வயிற்று வளைவின் மேல் போட்டு அளப்பதுதான் வழக்கமான ‘வளர்ப்பு’ வித்தை.

800 என்ற எண் எல்லா உடலமைப்புக்கும் பொருந்தாது. வாளையின் தட்டையான வாலும் விராலின் உருளை உடம்பும் கெண்டையின் வடிவில் இல்லை. நீங்கள் அடிக்கடி பிடிக்கும் இனத்தில் ஐந்தாறு மீன்களை அளந்து, நல்ல தராசிலும் நிறுத்திப் பாருங்கள். பெருக்கி வந்த தொகையைத் தராசு காட்டிய கிலோவால் வகுத்தால் அந்த இனத்துக்கான எண் கிடைக்கும். சராசரியை எடுத்து 28,900-க்குப் பதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாதனையாகப் பதிவு செய்ய வேண்டுமானால் விதிகள் என்ன? வெறும் போட்டோ போதாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. மீனைக் கேமரா பக்கம் நீட்டிப் பிடித்து, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் 3 கிலோ மீனும் 6 கிலோ மாதிரி தெரியும். படத்தில் விரல்கள் வாழைப்பழம் போலப் பருத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

உலக சாதனைகளைப் பதிவு செய்வது 1939-ல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், ஐ.ஜி.எஃப்.ஏ. எடைச் சாதனைக்குச் சான்றளிக்கப்பட்ட தராசு வேண்டும். படகில் அசைந்தபடி எடை போடக் கூடாது, கரையில்தான் எடை போட வேண்டும். தாங்கு துணியின் எடையைக் கழிக்க வேண்டும். மீன் மாட்டிய பிறகு ராடையோ ரீலையோ தூண்டில் நரம்பையோ இன்னொருவர் தொட்டால் செல்லாது. நம் ஊரில் பெரிய மீன் என்றாலே நாலு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கை கொடுப்பார்கள். அங்கேயே சாதனை போயிற்று. மீனோடு போராடும்போது ராடு முறிந்தாலும் செல்லாது. நீங்கள் பயன்படுத்திய நரம்பிலிருந்தும் மாதிரி வெட்டி அனுப்ப வேண்டும்.

பழைய சாதனையை மயிரிழையில் தாண்டினாலும் பயனில்லை. 25 பவுண்டுக்குக் கீழ் உள்ள சாதனை என்றால் குறைந்தது 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம், கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் அரை சதவீதம். பெருவாய் பாஸ் சாதனையில் இரண்டு பெயர்கள் நிற்பது இதனால்தான். 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009-ல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸ்கூடக் கூடுதல் இல்லை. தராசில் கனத்தது குரிதாவின் மீன், பட்டியலில் இருவரும் சமம்.

மீன்குஞ்சுப் பண்ணை நீரிலும் சரணாலயத்திலும் பிடித்த மீனை ஏற்க மாட்டார்கள். அந்த ஊர்ச் சட்டத்தை மீறிப் பிடித்ததற்கும் இடமில்லை.

கேள்வி: மோயாற்று மகசீர் எத்தனை கிலோ இருந்தால் ட்ரோஃபி?
— வாசகர், கூடலூர்

பதில்: முதலில் கணக்கு. 1946-ல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மகசீர்தான் காவிரிப் படுகையின் பெரிய பேச்சு, சுமார் 54.4 கிலோ. மேலே சொன்ன பாதிக் கணக்கைப் போட்டால் 23 முதல் 28 கிலோ.

ஆனால் இந்தக் கணக்கை இன்று யாரும் ஆற்றில் போய்ச் சரிபார்க்கக் கூடாது. அந்தப் பெரிய உருவங்கள் முதுகில் திமில் எழும்பிய, வால் துடுப்பு ஆரஞ்சு நிறமான மகசீருக்கு உரியவை. நூறாண்டுக்கு மேல் தூண்டில்காரர்கள் அதைத் துரத்தியும், அதற்கு உறுதியான அறிவியல் பெயர் கிடைத்தது 2018-ல்தான்: டோர் ரெமாதேவி. அதே காலத்தில் ‘மிக அருகிவிட்ட இனம்’ என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது. அது இன்னும் எஞ்சியிருக்கும் சில இடங்களில் மோயாறும் ஒன்று. வெளியிலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து காவிரியில் விட்ட நீலத் துடுப்பு மகசீர் பெருகியது திமில் மகசீரின் சரிவோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மணல் அள்ளலும் அணைகளும் வெடிவைத்து மீன் பிடிப்பதும் தனி.

புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் தூண்டில் போடவே கூடாது. வெளியே வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் திமில் மகசீர் தப்பித் தவறி மாட்டினால் டேப்பும் வேண்டாம், தராசும் வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

கேள்வி: அளந்துவிட்டுத் திரும்ப விட்ட மீன் மறுநாள் செத்து மிதந்தது. எங்கே தவறு?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் தூண்டிலில் மாட்டியிருந்த நேரத்திலேயே கதை முடிந்திருக்கும். மெல்லிய நரம்பில் பெரிய மீனை அரை மணி நேரம் இழுத்து அலைக்கழித்தால் தசைகளில் அமிலம் ஏறி மீன் களைத்துவிடும். நீந்திப் போவது போலத் தெரியும், சில மணி நேரம் கழித்துச் சாகும். சித்திரை, வைகாசி நண்பகலில் நீர் சூடேறி ஆக்ஸிஜன் குறைந்திருக்கும்போது இது இன்னும் மோசம். மீனுக்கு ஏற்ற கனமான நரம்பு, முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிய தூண்டில், விடியற்காலை நேரம் — மூன்றும் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

மிச்சம் கைப்பழக்கம். உலர்ந்த கை, துண்டு, செய்தித்தாள் எதுவும் மேலே பட வேண்டாம். மேல்வழும்பு உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். செவுளில் விரலை விட்டுத் தூக்கக் கூடாது, பெரிய மீனைத் தாடையில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடவும் கூடாது. நனைத்த துணித் தொட்டிலைத் தராசில் மாட்டி முன்கூட்டியே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். கேமராவும் டேப்பும் தயாராகும் வரை மீன் கைவலையில், தண்ணீரிலேயே இருக்கட்டும். வெளியே எடுத்தால் 30 விநாடி, அவ்வளவுதான். விடும்போது நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், பின்னோக்கி இழுத்தால் செவுளில் நீர் தலைகீழாகப் புகும். வாலை அடித்துத் தானாகக் கையை விட்டுப் போகட்டும்.

கேள்வி: உலகிலேயே பெரிய நன்னீர் மீன் எது?
— மாணவி, தஞ்சாவூர்

பதில்: அளந்து பதிவானதில், 2022 ஜூனில் கம்போடியாவின் மேகோங் ஆற்றில் கிடைத்த ராட்சதத் திருக்கை: 300 கிலோ, வாலோடு சுமார் 4 மீட்டர். அதற்கு முன் 2005-ல் தாய்லாந்தில் பிடிபட்ட 293 கிலோ மேகோங் கெளுத்தி. திருக்கையின் வாலருகே ஒலிக்கருவி பொருத்தித் திரும்ப ஆற்றில் விட்டார்கள்.

கேள்வி: பெரிய மீனைப் பதப்படுத்திச் சுவரில் மாட்ட ஆசை. கொல்லாமல் வழி உண்டா?
— வாசகர், பெங்களூரு

பதில்: உண்டு. ஃபைபர் கிளாஸில் அளவெடுத்து வார்த்த பிரதி. தோல் உரித்துப் பதப்படுத்திய மீன் காலப்போக்கில் எண்ணெய் கசிந்து மஞ்சளாகும், துடுப்பு ஒடியும். பிரதிக்கு அந்தத் தொல்லை இல்லை. செய்பவரிடம் கொடுக்க வேண்டியவை: வால் பிளவு வரை நீளம், வால் நுனி வரை நீளம், செவுளுக்குப் பின்னால், நடு உடம்பில், வால் தண்டில் என மூன்று இடச் சுற்றளவு, இரு பக்கப் படங்கள். படங்களை மீன் ஈரமாக இருக்கும்போதே, நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். தண்ணீரை விட்டு வந்த சில நிமிடங்களிலேயே நிறம் வெளுக்கத் தொடங்கும், ஃபிளாஷ் வெளிச்சம் செதிலில் பட்டால் எல்லா மீனும் வெள்ளியாகத்தான் தெரியும்.