‘லோ பேட்டரி’ என்று இன்வெர்ட்டர் ஒலித்தால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டருடன் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி; வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மின்தடையின்போது விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடினால் பல மணி நேரம் தாங்குகிறது. மிக்ஸியைப் போட்டால் உடனே ‘லோ பேட்டரி’ எச்சரிக்கை ஒலிக்கிறது. மின்சாரம் இருக்கும்போது அளந்து பார்த்தேன், 13.6 வோல்ட் காட்டுகிறது. பழுது பார்க்க வந்தவர் பேட்டரி போய்விட்டது என்கிறார். புதிது வாங்குவதுதான் வழியா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் அளந்த 13.6 வோல்ட், சார்ஜர் பிடித்து வைத்திருக்கும் மின்னழுத்தம். பேட்டரியின் நிலையை அது சொல்வதில்லை. முழுமையாகச் சார்ஜ் ஏறிய பிறகு இணைப்பைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், நல்ல நிலையிலுள்ள பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் பலவீனமான பேட்டரியும் சுமை இல்லாதபோது 12.6 காட்டக்கூடும் என்பதால், சுமையோடு அளக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இன்வெர்ட்டருக்குப் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜின் அளவு நேரடியாகத் தெரியாது. தன்னிடம் வந்து சேரும் மின்னழுத்தத்தை வைத்தே அது எச்சரிக்கை தருகிறது. நூறு வாட் சுமைக்குப் பேட்டரியிலிருந்து சுமார் 10 ஆம்பியர் போகிறது. 600 வாட்டுக்கு, இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், சுமார் 60 ஆம்பியர். துரு ஏறியோ தளர்ந்தோ இருக்கும் ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியரில் அங்கே இழப்பது 0.1 வோல்ட்தான்; 60 ஆம்பியரில் 0.6 வோல்ட். பேட்டரி முனையில் 11.5 இருந்தாலும் இன்வெர்ட்டர் காண்பது 10.9. அந்த ஒரே இடத்தில் 36 வாட் வெப்பமும் உண்டாகிறது. கேபிளின் உறை உருகுவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆகவே இதைச் செலவை மிச்சப்படுத்தும் விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் சிறு சுமை தாங்கி, பெருஞ்சுமையில் மட்டும் எச்சரிக்கை வருவதால், நான் முதலில் சந்தேகிப்பது இணைப்புகளைத்தான். எனினும் உள்தடை கூடிய பழைய பேட்டரியும் இதேபோல நடந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது மல்டிமீட்டர். பெருஞ்சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறுமுனையை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். சுத்தமான இணைப்பில் ஏறக்குறைய சுழியம்தான் வர வேண்டும், 0.2, 0.3 என்று வந்தால் குறை அங்கேதான் இருக்கிறது. இரண்டு கம்பங்களிலும் பாருங்கள். கேபிளின் மறுமுனை இன்வெர்ட்டரின் பெட்டிக்குள் இருந்தால், அதைத் திறக்கும் வேலையைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்யும் முன் இன்வெர்ட்டரை அணைத்து, அதன் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் கையில் இருக்கக் கூடாது. பேட்டரியின் எதிர்மின் முனையை (நெகட்டிவ், − குறி) முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். சமையல் சோடா கரைத்த நீரால் துருவைத் துடைக்கலாம். அந்த நீர் ஒரு துளியும் செல்களுக்குள் போய்விடக் கூடாது. காய்ந்தபின் இறுக்கி, பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள்.

இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும், ஈயக் கம்பங்களுக்கு இடையே அளக்கும்போதே மின்னழுத்தம் சட்டென்று 11-க்குக் கீழே இறங்கினால், பேட்டரியைச் சோதிக்க வேண்டியதுதான். முழுச் சார்ஜுக்குப் பிறகு ஆறு செல்களிலும் ஹைட்ரோமீட்டரை (உள்ளிருக்கும் அமிலக் கரைசலின் அடர்த்தியைக் காட்டும் கருவி) இட்டுப் பாருங்கள். ஐந்து செல்கள் 1.240-ஐ ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்தச் செல் கெட்டுவருகிறது. அப்போது பழுது பார்த்தவர் சொன்னதே சரி. ஆறும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் கதை வேறு: சார்ஜ் போதுமான அளவு ஏறவில்லை. இன்வெர்ட்டரில் பேட்டரி வகைத் தேர்வு டியூபுலரில் இருக்கிறதா, வீட்டுக்கு வரும் மின்னழுத்தமே குறைவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அளவு தாழ்ந்திருக்கிறதே என்று அமிலம் ஊற்றிவிடாதீர்கள். பேட்டரியில் ஆவியாகிக் குறைவது நீர் மட்டுமே. டிஸ்டில்டு வாட்டர்தான் விட வேண்டும்.

கேள்வி: 24 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரிகள் தொடராக உள்ளன. ஒன்றை மட்டும் மாற்றிய பிறகும் எச்சரிக்கை நிற்கவில்லையே, ஏன்?

பதில்: மொத்தத்தை அளக்காமல் சுமையோடு ஒவ்வொன்றையும் தனியே அளந்து பாருங்கள். 22.4 என்ற மொத்தத்துக்குள் புதிதின் 12.0-மும் பழையதின் 10.4-மும் ஒளிந்திருக்கலாம். தொடரில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது என்பதால், பழையது தீர்ந்ததும் புதியதில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் இன்வெர்ட்டர் நின்றுவிடும். சார்ஜ் ஏறும்போதும் சார்ஜர் மொத்த மின்னழுத்தத்தை மட்டுமே கட்டுப்படுத்துவதால், ஒன்றுக்கு மிகையாகவும் மற்றதற்குக் குறைவாகவும் பங்கு போய், புதியதும் விரைவில் கெடும். ஒரே வகை, ஒரே திறன், ஒரே வயதுடைய இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.